சித்தப்பாவுக்குக் கிடைக்காத நாற்காலி

2001-ஆம் வருஷம், எனக்குப் பத்து வயசு. எங்கள் சித்தப்பா ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போல் ஆறரை மணிக்கு வீடு திரும்பினார். வழக்கம்போல் சித்தியிடம் மல்லிகைப் பூப் பொட்டலத்தைக் கொடுத்தார். காப்பி குடித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் விஷயமே எங்களுக்குத் தெரிந்தது. மாமியின் தம்பிக்கும் அதே ஆபீஸ். பத்தொன்பது வருஷமாகச் சித்தப்பா காத்திருந்த மானேஜர் நாற்காலியில், வெளியிலிருந்து வந்த வேறொருவர் உட்கார்ந்துவிட்டாராம்!

கம்பெனியின் பெயர் வேண்டாம், விட்டுவிடுங்கள். மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த கம்பெனி. புதியவரும் கெட்டிக்காரர்தான், சித்தப்பாவே ஒப்புக்கொள்வார். ஆனால் முன்கூட்டிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் மனிதர் தெரிந்துகொண்டார். ஆறே மாதத்தில் ராஜிநாமா. எந்த ஊர் வியாபாரி பாக்கியைத் தீபாவளிக்கு முன்பே கட்டுவார், யாரைப் பொங்கல் வரை விட்டுப்பிடிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவரோடு போய்விட்டது. அதை எந்த லெட்ஜரில் தேடுவது?

நம் சென்னையில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2006-ல் பெப்ஸி கம்பெனியில் ஸ்டீவ் ரெய்ன்மண்ட் பதவி விலகியபோது, அடுத்தவர் யார் என்ற பேச்சில் இந்திராவின் பெயரோடு மைக் ஒயிட் என்பவர் பெயரும் அடிபட்டது. டைரக்டர்கள் இந்திராவைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி கிடைத்ததும் அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? விமானமேறி, கடற்கரையில் விடுமுறையிலிருந்த ஒயிட்டைத் தேடிப் போனார்! கூடவே நடந்து, போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சம்பளத்தையும் உயர்த்த ஏற்பாடு செய்தார். ஒயிட் 2009 வரை இருந்தார்.

2018-ல் இந்திரா விலகியபோதும் திடுதிப்பென்று எதுவும் நடக்கவில்லை. அடுத்து வந்த ரமோன் லாகுவார்ட்டா, 1996 முதல் அங்கேயே வேலை பார்த்தவர். ஒரு வருஷம் முன்னதாகவே அவரைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்து, பெரிய பொறுப்பில் அமர்த்திவிட்டார்கள்.

பெரிய கம்பெனி, சம்பளத்தை உயர்த்தக் காசு இருந்தது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் சித்தப்பா காசா கேட்டார்?

"அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா, சித்தப்பா?" என்று போன மாதம் கேட்டேன்.

பேப்பரை மடித்து வைத்தார். "ரிட்டயர் ஆகிறவரைக்கும்" என்றார்.

சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது: "நீங்களும் என்னிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"