பனி மேல் போட்ட பழி

ஆவணி மாசம் போடிமெட்டுக்கு மேலே சாயங்காலமே பனி இறங்கிவிடும். அது உண்மை. நான் எடுத்த ஒரு கல்யாண ஆல்பம் கெட்டுப்போனதற்கு அந்தப் பனிதான் காரணம் என்று சொன்னேனே, அது பொய்.

தொழில் பழகியது சித்தப்பாவிடம். அவருடைய கேமரா பென்டாக்ஸ் கே1000. ஃப்ளாஷின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்: 5 அடிக்கு 16, 7 அடிக்கு 11, 10 அடிக்கு 8, 14 அடிக்கு 5.6. நூறு ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கான கணக்கு. தூரத்தையும் அப்பர்ச்சரையும் பெருக்கினால் எல்லா வரியும் எண்பதை ஒட்டித்தான் நிற்கும். ஏன் அப்படி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது சோம்பேறித்தனம். இன்றைக்கு அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

டிஜிட்டல் வந்த பிறகும் அந்தச் சீட்டு தலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஷட்டர் 200, அப்பர்ச்சர் 8, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் முகத்துக்கு நேரே. கூட்டம் பெரிசென்றால் முழு பவர். போடி மண்டபங்களில் வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றின. அதை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டு, கடைக்கு வந்த பையன்களுக்கு அதையே பாடமாகவும் சொல்லிக்கொடுத்தேன்.

பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காய் காயவைக்கும் வேலை பார்ப்பவர் ஒருவர். பெயர் வேண்டாம், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூத்த மகளுக்குக் கல்யாணம், ராத்திரி ஸ்டோர் களத்திலேயே வரவேற்பு. பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. களத்தைச் சுற்றிலும், ஏலச்செடி ஓரம் வரைக்கும், மஞ்சள் சீரியல் லைட்டு. ஒரு மூலையில் டிஜே செட்டு. பார் லைட்டிலிருந்து நீலமும் சிவப்பும் பனிக்குள் தூண் தூணாக நின்றன. காய் பறிக்கிற பெண்கள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆடினார்கள். மாப்பிள்ளையின் பாட்டி ஒருத்தி ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, பாட்டு ஒரு பக்கம் போக, தன் தாளத்துக்குத் தனியாக ஆடினாள். அவ்வளவு அழகான ராத்திரியை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை.

பின்வரிசையில் நிற்பவர்களும் விழ வேண்டுமென்று ஃப்ளாஷை முழு பவரில் வைத்தேன். வெளிச்சம் தூரத்துக்குத் தூரம் தேய்கிற சரக்கு. 2 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் கால்வாசிதான் 4 மீட்டரில் நிற்பவருக்கு, பதினாறில் ஒரு பங்குதான் 8 மீட்டரில் நிற்பவருக்கு. ஆகவே முன்னால் நின்ற முகங்கள் சுண்ணாம்பு. பின்னால் நின்றவர்கள் நிழல். அதற்கும் பின்னால் கருப்பு. சீரியல் லைட்டு இல்லை, நீலத் தூண் இல்லை, மலை இல்லை. லென்ஸுக்கு மேலேயே ஃப்ளாஷ் இருந்ததால் பக்கத்தில் மிதந்த பனித்துளியெல்லாம் வெளிச்சம் வாங்கி, பாட்டியின் முகத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்திருந்தன.

ஆல்பத்தைக் கொடுக்கப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மகளின் படத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“ஏந் தம்பி, சூடு கூடிப்போச்சோ? நெறம் வெளுத்துருக்கே.”

ராத்திரி முழுக்க விழித்திருந்து, பச்சை போகாமல் சூட்டை அளந்து காய் காயவைக்கிற ஆள் அவர். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காய்க்குப் போடி ஏலத்தில் விலை இறங்கும். என் தப்பு இன்னதென்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார், கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன்.

“பனிண்ணே. பனி இருந்தா கேமரா இப்படித்தான் பண்ணும், ஒண்ணும் செய்ய முடியாது” என்றேன்.

“அப்ப சரி” என்றார். உள்ளே போய் மிச்சப் பணத்தை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். காப்பியும் குடித்தேன்.

கிளம்பும்போது கல்யாணப் பெண்ணின் தம்பி தன் செல்போனில் ஒரு படம் காட்டினான். கொஞ்சம் அசங்கியிருந்தது. ஆனால் அதில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது, பனி இருந்தது, பாட்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் படித்தேன், வெட்கத்தில். ஃப்ளாஷ் மின்னுவது கண்ணிமைப்பதற்கும் குறைவு, குறைந்த பவரில் ஆயிரத்தில் ஒரு நொடிகூடக் கிடையாது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃப்ளாஷுக்குக் கவலையில்லை, அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான் அதற்குக் கணக்கு. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் சீரியல் லைட்டுக்கும் பார் லைட்டுக்கும் உரியது. ஷட்டர் 15, அப்பர்ச்சர் 4, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்திருந்தால் அந்தக் களத்து வெளிச்சம் நான் வாங்கியதைப்போல் 400 மடங்குக்கு மேல் உள்ளே வந்திருக்கும். ஃப்ளாஷை 1/128 பவருக்கு இறக்கினாலே பத்தடியில் ஆடுகிறவர் முகம் தெளிவாக நின்றிருக்கும். ஃப்ளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் ஒரு பையன் கையில் கொடுத்து, ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டியிருந்தால் பனிப்பொட்டும் குறைந்திருக்கும், முகமும் மஞ்சள் விளக்கோடு சேர்ந்திருக்கும். மின்னலை ஷட்டர் மூடுகிற சமயத்துக்குத் தள்ளிவைத்தால் ஆடுகிற கையின் வெளிச்சக்கோடு கைக்குப் பின்னால் விழும். பெரிய ஊர் டிஸ்கோக்களில் படம் எடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். மொட்டைமாடியில் சீரியல் லைட்டைக் கட்டி, வீட்டுக்காரியை ஆடச் சொல்லி (அவள் திட்டிக்கொண்டே ஆடினாள்) நான்கு ராத்திரியில் கற்றுக்கொண்டேன். நான்கே ராத்திரி. அதை இருபது வருஷமாக ஒத்திப்போட்டிருந்தேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். இளையவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறதாம், என்னைத்தான் படமெடுக்க வரச்சொன்னார்.

“மாப்பிள்ளை வீட்ல ஆவணின்னுதான் கேட்டாங்க தம்பி. நாந்தேன் பங்குனிக்கு மாத்தச் சொன்னேன். பனி இருக்காதுல்ல, படம் நல்லா விழும்.”

“சரிண்ணே” என்றேன்.