யார் சொன்னது?

மனநல மருத்துவமனையொன்றின் பதிவேடுகளைக் காக்கும் பணியில் நாம் அமர்ந்தது 1993ஆம் ஆண்டில். பத்துப் படுக்கைகள், இரண்டு மருத்துவர்கள், ஓர் உளவியல் ஆலோசகர், வாசலருகே நமது மேசை. இவ்வளவே அந்த இடம். நமக்குப் பின்னால் ஒரு பச்சை நிற இரும்புப் பீரோ. அதன் சாவி அன்று முதல் நம்மிடமே இருந்து வருகிறது. ஊரில் நம்மை அறிந்தவர்கள், “பாய், உங்கள் பீரோ திறந்தால் பாதி ஊர் நாறிப்போகும்” என்று வேடிக்கை பேசுவதுண்டு. நாம் சிரித்து வைப்போம். எனினும் பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அது என்னும் நினைப்பு வேலை நேரத்தில் நம்மை விட்டு நீங்கியதில்லை. அப்படித்தான் நாம் எண்ணிக் கொண்டிருந்தோம்.

மற்ற மருத்துவங்களின் பதிவேட்டுக்கும் மனநலப் பதிவேட்டுக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. எலும்பு முறிந்தவனுக்கு எக்ஸ்-ரே இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தின் கணக்கு இருக்கிறது. மனம் நொந்தவனுக்கோ பெரும்பாலும் சொற்களே இருக்கின்றன. அச்சொற்களும் அவன் ஒருவன் சொன்னவை அல்ல. மனைவி ஒன்று சொல்வாள், தாய் வேறொன்று சொல்வாள், தமையன் இரண்டையும் மறுப்பான். ஆதலால்தான் மனநல மருத்துவம் பயில்வோருக்கு முதற்பாடமாகவே, தகவல் தந்தவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, அவர் சொல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைத் தலைப்பிலேயே எழுதக் கற்பிக்கிறார்கள். நமது பெரிய மருத்துவர் இதற்கென ஓர் ஏற்பாடு செய்திருந்தார். நோயாளி சொன்னவை வெள்ளை அட்டையில். உறவினர் தனித்து வந்து சொன்னவை ரோஜா நிற அட்டையில். வெள்ளை அட்டையை நோயாளி கேட்டால் காட்டலாம். ரோஜா அட்டையை மருத்துவர் படித்துப் பார்த்துச் சொல்லாமல் எவர் கையிலும் தரலாகாது.

2009ஆம் ஆண்டில் கணிப்பொறி வந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் நமது அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மென்பொருள் எழுதித் தந்தார். அழகு என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளை அட்டைக்கு ஒரு திரை, ரோஜா அட்டைக்கு ஒரு திரை, அதன் உச்சியில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு கட்டம், எல்லாம் இருந்தன. ரோஜாத் திரையை அச்சிடும் வசதியே அதில் கிடையாது. வேண்டுமென்றே அவ்வாறு செய்ததாக அவர் சொன்னபோது நாம் அதன் அருமையை உணரவில்லை.

அவர் வெளிநாடு சென்றுவிட்டார். விண்டோஸ் 7க்கு அளித்துவந்த பாதுகாப்பை அந்நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. நமது மென்பொருளோ அதற்கு மேற்பட்ட எதிலும் ஓட மறுத்தது. மாறியாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

விற்பனையாளர்கள் மூவர் வந்து காட்டினார்கள். மூவருடைய திரையிலும் வந்த மாதிரி நோயாளிக்குக் காய்ச்சல்தான். உடல் வெப்பம் எழுத ஓரிடம், எடை எழுத ஓரிடம், இரத்த அழுத்தம் எழுத ஓரிடம். மற்றதெல்லாம் ‘குறிப்பு’ என்னும் ஒரே பெரிய கட்டத்தில். நாம் மாதச் சந்தா எவ்வளவு என்று கேட்டோம். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டோம். தமிழில் எழுத வருமா என்று கேட்டோம். நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்ட பெருமிதம் நமக்கு. விலை குறைந்ததை, நாம் சொன்னதன் பேரிலேயே, மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய பதிவுகளை மாற்றத் தொடங்கியபோதுதான் வேலையின் ஆழம் தெரிந்தது. 2009இல் நாம் தட்டச்சு செய்த தமிழ், யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அதே வரி, ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் சிதறிக் கிடக்கும் குப்பையாகத் தெரியும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவியொன்றை வைத்து மீட்டோம். கொம்பும் காலும் இடம் மாறி நின்றவற்றைக் கையால் திருத்தினோம். மருந்தளவில் வேறொரு விந்தை நேர்ந்தது. ‘1-1-1’ என்றால் காலை ஒன்று, பகல் ஒன்று, இரவு ஒன்று என்பது மருந்துக்கடைப் பையனுக்கும் தெரியும். இடையில் பட்டியலை எக்செல்லில் திறந்தபோது அது அதனைத் தேதியென்று கருதி, 2001 ஜனவரி 1 என்று மாற்றி வைத்துவிட்டது. ‘1-0-1’ மட்டும் தப்பியது. பூஜ்யம் என்றொரு மாதம் இல்லையல்லவா! ‘1½’ என்பதில் பாதி உதிர்ந்து ஒன்றாகியிருந்தது. மனநல மருந்தில் அரை மாத்திரை சிறிய காரியம் அன்று. நாமும் தலைமைச் செவிலியரம்மாவும் இரவு பத்து மணிவரை அமர்ந்து, நடப்பிலுள்ள நோயாளிகள் அனைவருடைய மருந்தையும் காகிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். ஒரு பிழையும் தங்கவில்லை. அன்று நாம் கொண்ட நிறைவை இன்று நினைக்க நாணமாயிருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் காத்தோம், கட்டத்தைப் பார்க்கவில்லை.

புதிய மென்பொருளில் ‘தகவல் தந்தவர்’ என்றொரு கட்டம் கிடையாது. இடமில்லாததை அது எறிந்துவிட்டது. இரண்டு திரைகளில் இருந்தவை தேதி வரிசைப்படி ஒரே கட்டத்தில், ‘நோயாளி வரலாறு’ என்னும் தலைப்பின்கீழ் சேர்ந்துவிட்டன.

இனிச் சொல்லப்போவதில் ஆளை இனங்காணாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம். 2021ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, கடை வைத்திருக்கும் ஓர் அன்பர் வந்தார். இருதுருவ மனநோய்க்காகப் பத்தாண்டுகளாக நம்மிடம் வருபவர். லித்தியத்தை ஒருநாளும் தவறவிடாதவர். இரத்தப் பரிசோதனைக்கு நாம் நினைவூட்டுமுன் தாமே வந்து நிற்பவர். மகன் சென்னையில் வேலைக்குப் போகிறான், தாமும் அங்கே போய்ச் சிலகாலம் இருக்க வேண்டியிருக்கிறது, அங்குள்ள மருத்துவரிடம் காட்ட நகல் வேண்டும் என்றார். கேட்பது அவருடைய உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 25ஆம் பிரிவில், தம்முடைய அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநோயாளிக்கு அளித்திருக்கிறது. அவருக்குக் கடும் மனத்துன்பமோ பிறருக்குத் தீங்கோ நேரக்கூடிய குறிப்பிட்ட பகுதியைப் பொறுப்பிலுள்ள மருத்துவர் நிறுத்தி வைக்கலாம் என்றும், அப்படி நிறுத்தினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடும் உரிமை உண்டென்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எடுத்துப் படித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. அன்று மருத்துவர் வெளியூர் சென்றிருந்தார். புதிய மென்பொருளில் அச்சிடும் பொத்தான் ஒரே தட்டில் வேலை செய்தது. அந்த எளிமையை அவருக்குக் காட்டும் ஆசையும் நமக்கு இருந்ததென்பதை மறைப்பதற்கில்லை.

பதினொரு பக்கங்கள். அவர் நின்றபடியே புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“பாய், இது நான் சொன்னதில்லையே.”

வாங்கிப் பார்த்தோம். ‘முதல் மூன்று மாதங்கள் மாத்திரையைப் பொடித்துக் காலைத் தேநீரில் கலந்து கொடுக்கப்பட்டது’ என்றிருந்தது. 2011இல் அவர் நோயென்றே ஒப்பாமல் கடையைப் பாதி விலைக்கு விற்கப் புறப்பட்ட நாட்களில், அவர் மனைவி தனியே வந்து மருத்துவரிடம் அழுதுகொண்டு சொன்னது. இவ்வாறு அறியாமல் மருந்து கொடுப்பது நம் நாட்டுக் குடும்பங்களில் பரவலாக நடக்கும் காரியம். சரியன்று என்று மருத்துவர் கண்டித்திருக்கிறார்; அதன் பின்னர் அந்த அன்பரைத் தாமே அழைத்துப் பேசி, அவர் இசைவோடு சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பேச்சும் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதுவரை அவர் படிக்கவில்லை. தாளை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி பாய், வருகிறேன்” என்று போய்விட்டார். கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

மறுநாள் அந்தப் பழைய கணிப்பொறியைத் தூசி தட்டிப் பார்த்தோம். உச்சிக் கட்டத்தில் ‘மனைவி’ என்று நாமே தட்டச்சு செய்திருந்தோம்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்த நகலும் தம் கண் படாமல் போகலாகாது என்றார், மென்பொருளை மாற்றுவோம் என்றார். மாற்றுவது சொன்னது போல் எளிதாயிருக்கவில்லை. பதிவுகளைத் திருப்பித் தாருங்கள் என்று நிறுவனத்தாருக்கு எழுதினால், நோயாளிக்கு ஒன்றாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பி.டி.எப். கோப்புகள் வந்தன. படிக்கலாம், வேறொரு மென்பொருளில் ஊற்ற முடியாது. கட்டம் கட்டமாகப் பிரித்த தரவு வேண்டுமென்றால் தனிக்கட்டணம். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்னும் குறிப்பு தரப்படமாட்டாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நாம் கையெழுத்துக்கு நீட்டிய அதே ஒப்பந்தம். பெண் கொடுக்கும்போது சம்பந்தி வீட்டை நூறு கேள்வி கேட்கிற நாம், இதில் நுழையும்போது வெளியேறும் வழியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை தேடியபோது கேள்விகள் வேறாகிவிட்டன. பின்லாந்து நாட்டில் வாஸ்தாமோ என்னும் தனியார் உளச்சிகிச்சை நிறுவனம் ஒன்று இருந்தது. உரிய காவலின்றி இணையத்தில் திறந்து கிடந்த அதன் பதிவேடு களவுபோயிற்று. 2020 அக்டோபரில் திருடன் நோயாளிகளுக்கே நேரடியாக எழுதி, ஆளுக்கு 200 யூரோ கேட்டு, தராவிட்டால் நீ உன் மருத்துவரிடம் சொன்னதை வெளியிடுவேன் என்று மிரட்டினான். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 33,000 பேர். நிறுவனம் 2021இல் திவாலாயிற்று. இதைப் படித்தபின், பதிவுகள் எந்த நாட்டில் இருக்கின்றன, உங்கள் ஊழியர் எங்கள் நோயாளியின் பெயரைப் பார்க்க முடியுமா என்று கேட்கக் கற்றோம். அமெரிக்காவின் விதிகளில் உளச்சிகிச்சையாளர் தமக்கென்று தனியே பிரித்து வைத்துக்கொள்ளும் குறிப்புகளுக்குப் பொதுப் பதிவைக் காட்டிலும் கூடுதல் காவல் தரப்பட்டிருப்பதையும் அப்போது அறிந்தோம். நமது ரோஜா அட்டைக்கு ஏதோ ஒரு வகையில் உறவு!

இம்முறை மாதிரி நோயாளியைப் பார்க்க மறுத்துவிட்டோம். நம்மிடமுள்ள பருத்த கோப்பு ஒன்றில், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, இதை உங்கள் மென்பொருளில் ஏற்றிக் காட்டுங்கள் என்றோம். பன்னிரண்டு ஆண்டு லித்தியத்தின் அளவும் சிறுநீரகப் பரிசோதனையின் அளவும் ஒரே கோட்டில் ஏறியிறங்கித் தெரிய வேண்டும். சோதனைத் தாள்களின் படங்களை அடுக்கி வைத்தால் போதாது. ஆலோசகரின் குறிப்பை நாம் திறக்க முயன்றால் திறக்கக் கூடாது. முயன்றது பதிவாக வேண்டும். பின்னர், ஏற்றியதையெல்லாம் திருப்பி எடுத்து எங்கள் கையில் தாருங்கள், நாங்கள் வேறிடத்தில் திறந்து பார்க்கிறோம் என்றோம். இந்த இடத்தில் இருவர் விடைபெற்றுக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒரு வாரம் கழித்து வந்து, குறைகளோடு, செய்து காட்டினார். சந்தா முன்னதைப்போல் இருமடங்கு. மருத்துவர் ஒரு சொல்லும் பேசாமல் ஒப்பினார்.

2022இல் இரண்டு மாதம் இரண்டு மென்பொருள்களும் ஒருங்கே ஓடின. ஒவ்வொரு வேலையும் இருமுறை. செவிலியரம்மா, “இன்னொரு தடவை மாற்றினால் என்னை இங்கேயே படுக்கையில் சேர்த்துவிடுங்கள்” என்றார். பழைய கணிப்பொறியிலிருந்து ‘தகவல் தந்தவர்’ கட்டத்தை மீட்டு, தேதியைக்கொண்டு வரிக்கு வரி பொருத்தினோம். எங்கெங்கே பொருந்தவில்லையோ அங்கெல்லாம் ‘தெரியவில்லை’ என்று எழுதி, அந்த வரியை அச்சுக்குப் போகாமல் பூட்டினோம். அப்படிப் பூட்டியவை கொஞ்சமல்ல.

அந்த அன்பர் சென்னைக்குப் போகவில்லை. மருந்தை நிறுத்தவுமில்லை, மாதந்தோறும் வருகிறார். வீட்டில் தேநீர் அருந்துவதை மட்டும் விட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அவர் நம் மேசைக்கு வந்தது புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய சில நாட்களுக்குப் பின். அந்த வரியை அழித்துவிட முடியுமா என்று கேட்டார். மருத்துவப் பதிவில் எழுதியதை அழிக்க இயலாது, யார் சொன்னது என்பதைச் சேர்க்கலாம், அவர் கண்ணில் படாமல் பூட்டியும் வைக்கலாம் என்றோம்.

சற்று நேரம் நின்றிருந்தார்.

“பூட்டி என்ன பாய்? அவர்தான் படித்துவிட்டாரே. என் பேரையே போட்டுக்கொள்ளுங்கள். அதுக்கப்புறம் டாக்டர் அவரைக் கூப்பிட்டுப் பேசினாரே, அதையும் கீழேயே சேர்த்துப் போடுங்கள்.”

மருத்துவரிடம் கேட்டு, அவ்வாறே போட்டோம்.