சறுக்குமரம் கேக்குது சில்லறை!

மதுரைக்கு வந்தா மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா... இதோட ரிட்டர்ன் பஸ் ஏறிடுவீங்க. இந்த வாட்டி அப்படியே எங்க காலனி பூங்காவுக்கும் ஒரு நடை வாங்க பாஸ்!

ரெண்டு வேப்பமரம், ஒரு மோட்டார் ரூம், நடுவுல பத்து சென்ட் இடம். அவ்வளவுதான் பூங்கா. சாயங்காலம் பருத்திப்பால் வண்டி மணி அடிச்சா, மொத்த வாண்டுகளும் ஆஜர். சின்ன வயசுல நான் சறுக்கின அதே தகர சறுக்குமரத்துலதான் போன வருஷம் வரைக்கும் எங்க அக்கா பையனும் சறுக்கினான். மே மாசம் அதுல உட்கார்ந்தா தோசைக்கல்லுல உட்கார்ந்த மாதிரி. ஓரத்துல துருப்பிடிச்ச தகடு பிளேடு மாதிரி நீட்டிட்டு நிக்கும். ஒருநாள் அவன் தொடையைக் கிழிச்சிடுச்சு. நாலு தையல்!

காலனி மீட்டிங் கூடுச்சு. 'எல்லாத்தையும் பிடுங்கிட்டு டூ வீலர் ஸ்டாண்ட் ஆக்கிடலாம்'னு ஒரு கோஷ்டி. 'கிரிக்கெட் ஆட இடம் கிடைக்கும்'னு எங்க கோஷ்டி. மூணாவது பிளாக் அப்பத்தா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "ஏய்யா, நீ விளையாடி முடிச்சிட்ட. அந்தப் புள்ளைக எங்கே போகும்?"

கப்சிப்!

கை கொடுத்தது 'நமக்கு நாமே'. நகரங்களுக்காக தமிழக அரசு 2021-ல் மறுபடி கொண்டுவந்த திட்டம். பூங்கா, விளையாட்டுத் திடல் மாதிரி வேலைகளுக்கு மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா, மிச்சத்தை அரசு போடும். 3 லட்ச ரூபாய் வேலைன்னா, நம்ம பங்கு 1 லட்சம். நோட்டும் பேனாவுமா ஞாயித்துக்கிழமைகள்ல மாடி மாடியா ஏறினோம். "நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்"னு சில கதவுகள் சாத்துச்சு. பூக்கட்டுற அக்கா கேக்காமலே 50 ரூபாய் நீட்டினாங்க. "எம்புள்ளையும் அதே ஊஞ்சல்லதானே தம்பி ஆடுது!" புது பேட் வாங்க வெச்சிருந்த எங்க டோர்னமென்ட் பணமும் அன்னிக்கே நோட்டுல ஏறிடுச்சு.

அடுத்த சண்டை, எதை வாங்குறதுன்னு. கேட்டலாக்ல பளபளன்னு ஒரு செட்... சறுக்கு, குகை, ஏணி எல்லாம் ஒண்ணா. ஆனா, அதை வாங்கினா அடியில வெறும் சிமென்ட் தரைதான். சிவில் படிக்கிற தோழி குறுக்கே வந்தா. "அமெரிக்காவுல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்ன சொல்லுது தெரியுமா? சாதனத்தைச் சுத்தி 6 அடிக்கு, 12 அங்குல ஆழத்துக்கு மணலோ மரச்சில்லுகளோ கொட்டணுமாம். புள்ளைங்க விழத்தான் செய்யும். எதுல விழணும்னு நாம முடிவு பண்ணலாம்!"

குகை கட். ரெண்டு ஊஞ்சல், ஒரு ஃபைபர் சறுக்குமரம், ஒரு சீ-சா, மிச்சப் பணம் முழுக்க மணல்.

திறந்த அன்னிக்கு அக்கா பையன்தான் முதல் ஆள். மேலே ஏறினான், சறுக்கினான், கீழே தொப்புனு விழுந்தான். அக்காவுக்கு உயிரே போயிடுச்சு. அவனோ மணலைத் தட்டிட்டு, மறுபடி க்யூவுல போய் நின்னுட்டான்.

அதனால, மதுரை வந்தா எட்டிப் பாருங்க. உங்க சைஸுக்கு ஊஞ்சல்ல அனுமதி இல்லை. ஆனா, வேப்பமர நிழலும் பருத்திப்பாலும் உண்டு. ஞாயித்துக்கிழமை காலையிலன்னா, கல்லும் குப்பையும் பொறுக்கி மணலைக் கிளறி விட கையில ஒரு மண்வெட்டியும் கிடைக்கும்!