கறுத்த வெல்லம்

திருவாலங்காட்டுக்குப் போகிறவர்கள் ரத்தினசபையைத் தரிசித்து, தலையால் நடந்து வந்த காரைக்கால் அம்மையாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். நானும் அப்படித்தான். போன தை மாதம் மட்டும், காற்றில் வந்த பாகு வாசனை என்னை நிறுத்திவிட்டது.

இந்த ஊரில்தான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றுவட்டாரக் கரும்பு அங்கே போகும். ஆலைக்குப் போகாத கொஞ்சம் கரும்பை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வெல்லம் காய்ச்சுகிறது.

தோப்பு நிழலில் கொட்டகை; நடுவே பெரிய இரும்புக் கொப்பரை. அடுப்புக்கு விறகு கிடையாது, பிழிந்து காயவைத்த கரும்புச் சக்கைதான். சாறு கொதிக்கும்போது துளி சுண்ணாம்பு போடுகிறார்கள். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கிய கொழகொழப்பு நீரை ஊற்றியதும் அழுக்கெல்லாம் நுரையாக மேலே திரண்டு வருகிறது. அதை அரித்து எடுக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கொதித்தபின், ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார் வீட்டு அம்மாள். பதம் தப்பினால் அத்தனையும் வீண்! நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம் தேறும்.

கையில் கொடுத்த வெல்லம் காப்பிக் கொட்டை நிறம். "இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே?" என்று கேட்டுவிட்டேன்.

"அதாம்மா எங்க தலைவலி. பளபளன்னு மஞ்சளா இருந்தாத்தான் கடைக்காரரு நல்ல விலை குடுப்பாரு. அதுக்கு ஹைட்ரோஸ் பவுடர் போடணும். எங்க மாமனாரு போட்டதில்லை, நாங்களும் போடறதில்லை."

"அப்போ யார்தான் வாங்குகிறார்கள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நெறத்தைப் பத்திக் கேக்காம, சொன்ன விலைக்குக் காசை எண்ணி வெக்கிறவன் ஒருத்தன் வந்தான். ஊறல் போடறவன். கள்ளச் சாராயத்துக்கு வெல்லம் வேணுமாம். எங்க அண்ணன் அந்தச் சாராயத்தைக் குடிச்சுத்தான் செத்தான். போப்பான்னுட்டேன். அந்த வருசம் வட்டிக்கு வாங்கித்தான் பொங்கல் வெச்சோம்."

எனக்குச் சுருக்கென்றது. மளிகைக் கடையில் "வெள்ளையா இருக்கறதா குடுங்க" என்று கேட்கிறவள் நான்தானே! சலவைப் பவுடரைப் பாகில் கொட்ட வைப்பதும், கொட்டாதவரின் வாசலுக்குச் சாராயக்காரனை அனுப்புவதும் நம்முடைய இந்த ஆசைதான்.

ஐந்து கிலோ வாங்கி வந்தேன். கரைத்து வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும். பாயசம் சற்றுக் கறுப்பாகத்தான் வரும். என் மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். ஒரு வாய் சாப்பிட்டதும், "எங்கம்மா வீட்டுப் பாயசம் மாதிரியே இருக்குடி" என்று டம்ளரை மறுபடி நீட்டினார்!