புனலும் புட்டியும்

இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பதைப் பெரியவர்கள் இன்றும் படித்துச் சொல்வதுண்டு. மதுரையைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களில் 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்பார்கள். ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அந்தக் கணக்கு. உழவருக்கு அது போதும். கால்வாய்க் கரையில் குடியிருக்கும் குடும்பத்துக்கோ அது போதாது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மழை என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் ஏறத்தாழ 10 செ.மீ. மழை பெய்தது. அதில் 4.5 செ.மீ. பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் கொட்டியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆயிரம் சதுர அடி மாடி ஒன்றின்மேல் 4.5 செ.மீ. மழை என்றால் நாலாயிரம் லிட்டருக்கு மேல் நீர். ஒரே ஒரு மாடிக்கு இவ்வளவு என்றால், பந்தல்குடி கால்வாய் கரை மீறிச் செல்லூர்த் தெருக்களில் புகுந்ததில் வியப்பில்லை.

நேர்மையாளர், நேர்மையற்றவர் என்று மழை பாகுபாடு பார்ப்பதில்லை என ஆண்டவர் கற்பித்தார். ஆனால் வைகையின் தென்கரை, வடகரை என்ற வேறுபாட்டை அது நன்றாகவே பார்க்கிறது! இடியோடு வரும் நம் ஊர் மழை ஒரு பேட்டையை மூழ்கடித்துவிட்டு அடுத்த பேட்டையைத் தூறலோடு விட்டுவிடும். தெற்கே விமான நிலையத்தில் எடுத்த அளவு செல்லூர்க்காரருக்கு உதவாது. எனவேதான் மழையை வீட்டிலேயே அளக்க வேண்டும் என்கிறேன்.

இது நம் திருச்சபைக்கும் அந்நியமான வேலையன்று. 1639-இல் இத்தாலியில் திராசிமேனோ ஏரியருகே, பெனடிக்ட் சபைத் துறவி பெனதெத்தோ காஸ்தெல்லி ஒரு கண்ணாடி உருளையை மழையில் வைத்து, அதில் சேர்ந்த நீரை அளந்து, ஏரி எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டார். அந்தச் செய்தியை, வீட்டுக் காவலிலிருந்த தம் ஆசிரியர் கலிலேயோவுக்குக் கடிதமாக எழுதினார். கொரியர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே மழைமானி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவி எளியது. 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. அதன்கீழ் ஒரு புட்டி. சேரும் நீரில் ஒவ்வொரு 20 மி.லி.யும் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குவளை போதும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கலாகாது. சுவரின் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி வைக்க வேண்டும். வானிலைத் துறையினரைப் போலவே காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறித்துக்கொண்டால், நம் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். 64.5 மி.மீ.யைத் தொட்டால் அது கனமழை; 115.6 ஆனால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

புட்டியின் கொள்ளளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு லிட்டர் புட்டி 100 மி.மீ.க்கே நிரம்பிவிடும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. நமது புனலின் வழியே அது 19 லிட்டர். வீட்டுக்கு வரும் பெரிய தண்ணீர்க் கேனையே நிரப்பிவிடும். ஆகவே புட்டியை ஒரு பெரிய வாளிக்குள் நிறுத்துங்கள். வழிந்த நீரையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது தானியங்கி மழைமானிகள் விற்கின்றன. உள்ளே தராசுத் தட்டுகள்போல் இரு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்து சாய, மற்றது அதன் இடத்துக்கு வரும். ஒவ்வொரு சாய்வையும் கருவி எண்ணும். கொட்டும் மழையில், கிண்ணம் சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமற் போவதால், மழை வலுக்க வலுக்க அது குறைத்தே சொல்லும். எறும்புகளோ வேப்பிலையோ புனலை அடைத்துவிட்டால், வெளியே நோவா காலத்து மழை பெய்தாலும் உள்ளே சுழியம்தான். ஆயினும் நள்ளிரவில், கதவைத் திறவாமலே, கடந்த பதினைந்து நிமிடங்களில் எவ்வளவு என்று அது ஒன்றே சொல்லும். புட்டிக்கு அந்தத் திறமை இல்லை. விடிந்தபின் அது சொல்லும் மொத்தக் கணக்கையே நான் நம்புகிறேன்.

எங்கள் பங்கில் ஐந்து வீடுகளில் புனல் வைத்திருக்கிறார்கள், தானியங்கி இரண்டு. கால் மணியில் 20 மி.மீ. என்று காட்டினால், எந்த நேரமானாலும் எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பங்குக் கூடத்தின் சாவி என் தலையணை அருகில் இருக்கிறது. ஆறாவது புனலைக் கால்வாயை ஒட்டிய சந்தில் வைக்க விரும்புகிறோம். அங்கே சுவருக்குச் சுவர் இடைவெளியே இல்லை. திறந்த இடம் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.