முதல் சுற்றிலேயே முதல் போர்டா? பயப்படாதே தம்பி!

மதுரையில் ஓப்பன் செஸ் போட்டி என்றால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து காலையிலேயே பஸ் பிடித்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலை ஒட்டியதும் கூட்டம் முண்டியடிக்கும். 1,500 ரேட்டிங் உள்ள சிறுவனுக்கு எதிரில் 1,900 ரேட்டிங் ஆள் என்றால், 'போச்சு!' என்று அங்கேயே முகம் வாடிவிடும். காய் நகர்த்தும் முன்பே பாதி ஆட்டம் தோற்றாயிற்று.

இதில் யாருடைய சதியும் இல்லை. பெரும்பாலான ஓப்பன் போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. 100 பேர் ஆடினால், ரேட்டிங் வரிசையில் முதல் ஆளுக்கு 51-வது ஆள், இரண்டாமவருக்கு 52-வது ஆள். அதனால் முதல் சுற்றில் பலசாலிகளுக்கு எதிரே எளியவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால், கணக்கு அந்தச் சிறுவன் பக்கம்தான் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட, 2,300-க்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்களுக்கு ஃபிடே விதிப்படி புள்ளிகள் வேகமாக ஏறி இறங்கும். தன்னைவிட 400 புள்ளி அதிகமுள்ளவரிடம் தோற்றால் அவனுக்குக் குறைவது வெறும் 3.2 புள்ளி. ஜெயித்தால் 36.8 ஏறும். டிரா செய்தாலே 16.8!

2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியில் நம் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா உலக சாம்பியன் கார்ல்சனைச் சந்தித்தபோது வயது 16. ரேட்டிங்கில் ஏறக்குறைய 250 புள்ளி பின்தங்கியிருந்தார். அந்த இடைவெளியில் 100 ஆட்டம் நடந்தால் பலசாலி 81 புள்ளி எடுப்பார் என்கிறது ரேட்டிங் சூத்திரம். கறுப்புக் காய்களுடன் ஆடிய பிரக்ஞானந்தா, 39-வது நகர்த்தலில் ஜெயித்தார். கார்ல்சன் ஓரிடத்தில் சறுக்கினார். பையன் அதை விடவில்லை. அவ்வளவுதான். 2024-ல் நார்வே செஸ் போட்டியில், நிதானமாக ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்திலும் கார்ல்சனை முதன்முறையாக வென்றார்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. முதல் சுற்றில் பெரும்பாலும் தோல்விதான் வரும். தோற்றதும் ஓடிவிடாமல், "அண்ணா, நான் எங்கே தப்பு பண்ணேன்?" என்று எதிராளியிடமே கேட்கலாம். பலரும் ஹாலுக்கு வெளியே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். மாதக் கணக்கில் கோச்சிங் போனாலும் கிடைக்காத பாடம் அது.

வாசலில் காத்திருக்கும் அப்பா, அம்மாவும் "ஜெயிச்சியா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "எத்தனை மூவ் தாக்குப்பிடிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த சுற்றுக்குப் பிள்ளை தானாகவே எழுந்து போவான்.