எழும்பூரில் ஒரு தளபதி

சென்னைக்குச் செல்லும் நம்மவர் எழும்பூர் நூதனசாலையை நாடுவது சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைத் தரிசிப்பதற்காகவே. மாணவர் சிலருடன் நாமும் அவ்வாறே சென்றோம். ஆயின், எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது அங்குள்ள வேறொரு வெண்கல உருவம். அது தளபதி நீலின் சிலை.

ஜேம்ஸ் ஜோர்ஜ் ஸ்மித் நீல் 1810 இல் ஸ்கொத்லாந்திலே ஏர் நகரின் அருகே பிறந்தவன். 1827 இல் கும்பினியாரின் சென்னைப் படையிற் சேர்ந்தான். முப்பது ஆண்டுகள் கழித்து வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டபோது, ஐரோப்பியர் நிறைந்த சென்னைப் பியூசிலியர் படையுடன் கல்கத்தாவில் இறங்கினான். தன் வீரர் ஏறுமுன் புகையிரதத்தைச் செலுத்த முயன்ற உத்தியோகத்தரைக் காவலில் வைத்தான் என்பர். "நல்ல துணிவுதான்!" என்றான் ஒரு மாணவன்.

பின்பு நடந்ததைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. காசியிலும் அலகாபாத்திலும் குற்றவாளி யார், நிரபராதி யார் என்று ஆராயாமலே பலர் தூக்கிலிடப்பட்டனர், ஊர்கள் எரியூட்டப்பட்டன. கான்பூரிலே ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் படுகொலையுண்டது கொடுமையே. அதை மறைத்தல் தகாது. ஆனால் நீல் வகுத்த தண்டனை யாது? சிறைப்பட்டோர் அவ்வீட்டில் உறைந்த இரத்தத்தைத் துடைத்த பின்னரே தூக்கேறவேண்டும்; மறுத்தால் கசையடி. உயிரோடு சாதியாசாரமும் அழியவேண்டும் என்பது அவன் கருத்து. 1857 செப்டெம்பர் 25 இல் இலக்னோவிலே குண்டுபட்டு மாண்டான்.

சென்னைப் படையினன் ஆதலின், இன்று அண்ணாசாலை எனப்படும் மவுண்ட் றோட்டிலே அவனுக்குச் சிலை எழுந்தது. 1927 இல் அதனை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். சுத்தியலோடு சென்று சிறை புகுந்தோர் பலர். கடலூர் அஞ்சலை அம்மாளும் அப்போரில் ஈடுபட்டவர். சென்னைக்கு வந்த காந்தியடிகள் அகிம்சை வழுவாமையை வற்புறுத்தினார். பத்தாண்டுகளின் பின், 1937 இல், இராஜாஜியின் மந்திரிசபைக் காலத்திலே சிலை பெயர்க்கப்பட்டு நூதனசாலையை அடைந்தது.

"ஐயா, உருக்கிவிட்டிருக்கலாமே?" என்றான் அதே மாணவன்.

"உருக்கியிருந்தால் இவன் கதையை நீ இன்று கேட்டிருப்பாயா?" என்றோம்.

"கேளாமலே இருந்திருக்கலாம்," என்றான் அவன்.

அதற்கு விடை கூற எமக்கு இயலவில்லை. திருவாலங்காட்டு நடராசரைக் காணும்பொருட்டு அங்கிருந்து நடந்தோம். அவன் மட்டும் இருமுறை திரும்பிப் பார்த்தான்.